நூற்றிருபது கிலோ

ஆகுர்டி, புனே
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள சுப்ரஜாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. அந்தக் கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளை கேஷவும் சௌக்கியமாக இருக்க வேண்டும், நாங்கள் இங்கே இருக்கிறோம். தினம் போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று முழிக்காதே. போனில் நான் பேசினால் அப்பா கட்டிலில் இருந்தபடியே ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக்கொண்டிருக்கிறார், இப்போதுதான் ரசம் சாதம் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்திருக்கிறார், அதற்குள் எழுதி முடிக்க வேண்டும். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், நிதானமாக வாசி, பாதியில் புரிந்துவிட்டது என்று மடித்து வைத்துவிடாதே. மேல் வீட்டு பாமாவின் பெண்ணுக்கு நாசிக்கில் மாப்பிள்ளை அமைந்திருக்கிறது. நம் தெருவை மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், ரிக்‌ஷாக்காரன் முனையிலேயே இறக்கிவிட்டு விடுகிறான், காய்கறி வாங்கிக்கொண்டு அங்கிருந்து நடந்து வருவதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப்போகிறது.

கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் நடந்தது ஒன்று அடிக்கடி நினைவுக்கு வருகிறது. அப்பா கம்பெனியில் கம்ப்ரஸர் ரூமில் இருந்தார், மிஷின்களுக்கெல்லாம் குழாய் வழியாகக் காற்று அனுப்புகிற வேலை. ஒருநாள் வாடிய முகத்தோடு வந்து, "இன்னிக்கு மூணு கிலோதான் வந்தது மங்கை, ஷிஃப்ட் பூரா வேலை நின்னுபோச்சு" என்றார். நான் கேன்டீன் வெங்காயத்தைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, முந்நூறு பேருக்கு மூணு கிலோ எப்படிப் போதும், பாதிப் பேர் பட்டினியா என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். காற்றின் அழுத்தத்தை அவர்கள் கிலோ என்றுதான் சொல்வார்களாம். காற்றைக்கூடவா நிறுப்பார்கள் என்று நான் கேட்டதை வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். உனக்கு நாலு வயதில் நீயும் அப்படித்தான், அப்பா ஊதிக் கொடுத்த பலூனைக் கொண்டுபோய்க் கிரானா கடைத் தராசில் வைத்து எத்தனை கிலோ என்று கேட்டாய். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் மூச்சு வாங்காமல் மூன்று மாடி ஏறுவார். அந்த மனுஷன் இப்போது மெஷின் காற்றில்தான் மூச்சு விடுகிறார்.

போன புதன்கிழமை காலையில் கரண்ட் போய்விட்டது. ஆக்ஸிஜன் மெஷின் நின்றால் போடுவதற்கு மூலையில் பெரிய சிலிண்டர் இருக்கிறதே, அதை எப்போதும் கொண்டு வருகிற முகமது ரஃபீக்தான் மாட்டிக் கொடுப்பான், அன்று நானே மாட்டினேன். சாவி போட்டுத் திறந்ததும் வட்ட மீட்டரில் முள் சட்டென்று நூற்றிருபதுக்கு ஏறியது. குழாயை அப்பா மூக்கில் வைத்தேன், அந்த நேரம் பார்த்து நீ போன் செய்தாய். எவ்வளவும்மா இருக்கு என்று கேட்டாய், நூற்றிருபது கிலோ இருக்கு, கவலையே படாதே என்றேன். அப்படியானால் டிசம்பரில் லீவு கேட்கவில்லை, மே மாதமே வருகிறேன் என்றாய், நானும் சரி என்றேன். நான் பேசிக்கொண்டு இருக்கும்போதே அப்பா நாலு விரலைக் காட்டினார். ஒன்றரை தோசைக்கு மேல் சாப்பிடாத மனுஷன் நாலு கேட்கிறாரே என்று எனக்கு ஒரே சந்தோஷம், ஓடிப்போய்க் கல்லைப் போட்டேன். தட்டோடு வந்தால் உதடு நீலமாக இருந்தது சுப்ரஜா. பேச முடியவில்லை, மறுபடியும் நாலு விரலைக் காட்டி, சிலிண்டரில் தொங்குகிற தண்ணீர் பாட்டிலைக் காட்டினார். பாட்டிலில் ஒரு குமிழி இல்லை, மேலே கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கிற குண்டு அடியிலேயே கிடந்தது. பக்கத்தில் இன்னொரு திருகு இருக்கிறது, அதை நான் திறக்கவே இல்லை. அதைத் திருகினேன், குண்டு நாலுக்கு எழும்பிய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. உன்னிடம் கவலைப்படாதே என்று நான் சொன்ன நேரத்தில் அப்பாவுக்கு ஒரு சொட்டுக் காற்று போகவில்லை.

சாயங்காலம் அவரே சொன்னார், "கிலோங்கறது உள்ளே எவ்வளவு அழுத்தி வெச்சிருக்குங்கறதுடி, நிமிஷத்துக்கு எனக்கு எவ்வளவு வருதுன்னு சொல்றது லிட்டர்தான், நாலுன்னு நான் சொன்னது அதை." சிரித்துக்கொண்டேதான் சொன்னார், வெங்காயத்தையும் ஞாபகப்படுத்தினார், எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் உன்னிடம் நான் தெரிந்தே மறைத்ததும் ஒன்று இருக்கிறது. வாராவாரம் நீ கேட்டதெல்லாம் சிலிண்டரில் எவ்வளவு என்றுதான், நானும் அதை மட்டும் சொன்னேன். புது சிலிண்டர் யார் வீட்டுக்கு வந்தாலும் நூற்றிருபதுதான் காட்டும், அதில் அப்பாவைப் பற்றி ஒன்றுமே இல்லை. டாக்டர் ஆடி மாதம் எழுதியது இரண்டு லிட்டர். கணபதி பண்டிகை சமயத்தில் மூன்று ஆக்கினார். தீபாவளிக்குப் பிறகு நாலு. குழந்தை பயப்படும், சொல்லாதே என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார், இன்றைக்கு அதை மீறுகிறேன். இனிமேல் எவ்வளவு இருக்கிறது என்று கேட்காதே, எவ்வளவு போகிறது என்று கேள், உண்மையைச் சொல்கிறேன். நம் வீட்டு மெஷின் ஐந்து லிட்டரோடு முடிகிறது, அதற்கு மேல் கொடுக்காது. மே மாதம் வேண்டாம், டிசம்பரிலேயே வந்துவிடு.

அம்பாள் உங்கள் இருவரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். ஹீட்டரில் தலை வறண்டுபோகும், வாரம் ஒருமுறையாவது எண்ணெய் தேய்த்துக் குளி. நான் எழுதினேன் என்று அப்பாவிடம் மூச்சு விடாதே, தானாக லீவு கிடைத்தது என்று சொல். நம்ப மாட்டார், ஆனாலும் அப்படியே சொல்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
மங்கையர்க்கரசி