தம்பு மாமாவின் ரத்தப் பரிசோதனை

கிள்ளான்
12.3.1994

அன்பு மகன் கார்த்திகேசுக்கு அம்மா எழுதிக்கொள்வது. உன் கப்பல் எந்தக் கடல்ல நின்னாலும் நீ வேளைக்குச் சாப்பிட்டு சுகமா இருக்கணும்னு மாரியம்மனைக் கும்பிட்டுக்கிறேன். இங்க நானும் அப்பாவும் நல்லா இருக்கோம், கடையும் ஓடுது. தம்பு மாமா கல்யாணம் ஏன் தள்ளிப்போச்சுன்னு போன்ல கேட்டே, அப்ப கடை நெறைய லோரிக்காரங்க, அதான் வாயைத் திறக்கல. இப்ப சொல்றேன், கூட இருக்கற பசங்க கிட்ட இதைக் காட்டாதே.

புனிதவதின்னு ஒரு மிஸ்ஸி, யாழ்ப்பாணத்துக்காரங்க, ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையிலேர்ந்து ரிடையர் ஆகி இப்ப எய்ட்ஸ் பத்தி எடம் எடமாப் போயி பேசறாங்க. தாய்லாந்துப் பக்கம் ஹாட்யாய்க்கு ஓடற லோரிக்காரங்க உங்க கடையிலதானே சாப்பிடறாங்க, ஞாயித்துக்கிழமை கொஞ்ச நேரம் எடம் குடுங்கன்னு கேட்டாங்க, சரின்னேன். வந்து நின்னு பாலியல் உறவு, பாதுகாப்பு, ஆணுறைன்னு புத்தகத் தமிழ்ல ஆரம்பிச்சாங்க. நம்ம ரெங்கசாமி எழுந்து, ஆணுறைன்னா கையில போடறதா கால்ல போடறதா மிஸ்ஸின்னு கேட்டான். அவங்க முகம் செவந்து என்னைப் பார்த்தாங்க. நான் தோசைக் கரண்டியோட வந்து, டேய், பார்டர் தாண்டிப் போயி பொம்பளைங்க கிட்ட போறீங்கல்ல, போகாதீங்க, மீறிப் போனா காண்டம் போட்டுக்குங்க, அதைத்தான் சொல்றாங்கன்னு கத்திட்டேன். கத்தினப்புறம்தான் என்ன சொன்னேன்னு எனக்கே ஒறைச்சது. அத்தனை பேரும் தலையைக் குனிஞ்சு தட்டுல இருந்த சட்னியையே பார்த்துட்டு இருந்தானுங்க. உங்கப்பா மீன் வாங்கணும்னு பாசாருக்குக் கெளம்பிட்டாரு, பாசார் மூடி எவ்வளவோ நேரம் ஆச்சு. மறுநாள் ரெங்கசாமி வீட்டுலேர்ந்து சொந்த கிளாஸ் கொண்டாந்துட்டான். கிளாஸ்லயும் தட்டுலயும் கை குடுக்கறதுலயும் அது வராதுடான்னு மிஸ்ஸி சொன்னதை நான் மறுபடி கத்த வேண்டியதாப் போச்சு.

அந்த ஞாயித்துக்கிழமை எல்லாரும் போனப்புறம் தம்பு மாமா மட்டும் போகல. அக்கா, தட்டு கழுவித் தரவான்னு கேட்டான். பொறந்ததுலேர்ந்து தட்டு கழுவாதவன்! அப்புறம் உள்ள அரிசி மூட்டை பக்கத்துல மிஸ்ஸியோட ஒக்காந்து பேச ஆரம்பிச்சான். எட்டிப் பார்த்தேன். இங்க பேசறது எங்களுக்குள்ளயே இருக்கணும், நீங்க கொஞ்சம் வெளிய இருங்கோன்னுட்டாங்க மிஸ்ஸி. என் கடை, என் அரிசி, என் தம்பி, எனக்கு எடமில்ல! காதுல விழ வேணாம்னு கிரைண்டரைப் போட்டு விட்டேன், உள்ள உளுந்தே இல்ல. வெளிய வந்து அவனாவே சொன்னான், போன மாசம் கூட ஹாட்யாய்ல ஒரு பொண்ணு கிட்ட போனேன் அக்கா, ஒண்ணும் போட்டுக்கல, ரத்தம் டெஸ்ட் பண்ணப் போறேன், மிஸ்ஸி திட்டவே இல்ல, அதான் சொல்ல முடிஞ்சதுன்னான். நான் திட்டத்தான் வாயைத் திறந்திருந்தேன், அப்படியே மூடிக்கிட்டேன்.

ரிசல்ட் வர்ற வரைக்கும் அவன் அடிச்ச கூத்து இருக்கே. ஆட்டுக்கறியை விட்டான், லோரி முன்னாடி முருகன், பிள்ளையார், மாதா எல்லாரையும் வரிசையா ஒட்டி வெச்சு ரோடே தெரியல. ஒரு தும்மல் வந்தா என் ரேடியோவைக் கார்த்திகேசுக்குக் குடுத்துடுக்கான்னு அழறான். ரிசல்ட் நல்லபடியா வந்துச்சு, ஆனா கிருமி ஒடனே காட்டாதாம், மூணு மாசம் கழிச்சு மறுபடியும் பார்க்கணுமாம். கட்டிக்கப்போற பொண்ணு கிட்ட என்ன சொல்லப் போறீங்கன்னு மட்டும் மிஸ்ஸி கேட்டாங்களாம். ராத்திரியெல்லாம் யோசிச்சுட்டு, வா அக்கா, ரமணியைப் பார்க்க பிரிக்பீல்ட்ஸ் போலாம், நானே சொல்லிடறேன்னான். ரமணி தையக்கடையில ஒக்காந்து எல்லாத்தையும் கேட்டா. மிஷினை நிறுத்தவே இல்ல, நான் தைக்கக் குடுத்த ரவிக்கையில கழுத்து இருக்கற எடத்துல கைத்துணியை வெச்சுத் தெச்சுட்டா. கடைசியில, ரெண்டாவது ரிசல்ட் வரட்டும், நானும் கூட வந்து கேக்கறேன், அப்புறம் யோசிக்கறேன், இன்னொரு தடவை அங்க போனீங்கன்னா இந்தப் பக்கம் வராதீங்கன்னா. அவ அப்பா அம்மா கிட்ட ஜாதகம் சரியில்ல, கொஞ்சம் தள்ளி வெக்கலாம்னு அவளே சமாளிச்சா.

போன வாரம் அவளும் கூடப் போனா, மிஸ்ஸியைக் கேள்வி கேட்டே களைக்க வெச்சுட்டா. ஒண்ணும் இல்ல, சுத்தமா இருக்கு. தம்பு அங்கயே தரையில ஒக்காந்து அழுதுட்டான். ரமணி என்கிட்ட, வைகாசியில தேதி பாருங்கக்கா, ஆனா எனக்கு இன்னும் கோவம் போகலன்னு அவருகிட்ட சொல்லிடுங்கன்னா. அவரு அவ பக்கத்துலதான் நிக்கறாரு.

இப்ப உன் விஷயம். நீயும் ஊர் ஊரா எறங்கற ஆளு, வயசுப் பையன். அப்படிப்பட்ட எடத்துக்குப் போகாதே, மீறிப் போனா, நான் கடையில கத்தினதை மறக்காதே. அப்பாவை அதை வாங்கிட்டு வரச் சொன்னேன், கிள்ளான்ல தெரிஞ்சவங்க பார்ப்பாங்கன்னு பங்சார் வரைக்கும் போனாரு, அங்க மருந்துக்கடையில நம்ம கோயில் செயலாளர் நிக்க, இருமல் மருந்து வாங்கிட்டு வந்துட்டாரு. செயலாளரும் இருமல் மருந்துதான் வாங்கினாராம்! மறுபடியும் அனுப்பி வாங்கியாச்சு, பார்சல்ல முறுக்குக்கு அடியில சின்னப் பெட்டி இருக்கு, கூச்சப்படாதே. எதுனா தப்பா ஆயிட்டாலும் மறைச்சு வெச்சு பயந்துட்டு இருக்காதே, வீட்டுக்குச் சொல்லு. நான் கத்துவேன், கத்தி முடிச்சதும் சோறு போடுவேன், எங்கேயும் தொரத்த மாட்டேன்.

வைகாசிக்கு லீவு இப்பவே கேட்டு வெய்யி. அம்மன் உன் தண்ணிப் பயணத்துக்கெல்லாம் தொணையா இருக்கட்டும், நூறு வயசு நல்லா இருப்பே.

உன் பாசமுள்ள அம்மா,
அஞ்சலை