மீனாக வராத மீன்

17.8.1986, ஞாயிறு

அண்ணன் மகளுக்காக முதன்முதலாகக் குரோஷா ஊசி பிடித்து ஒரு பஞ்சு மீன் பின்னினேன். எங்கேயோ கண்ணி விட்டுப்போய், வால் கால் காலாகத் தொங்குகிறது. இன்று பண்டமாரானிலிருந்து வந்த அண்ணன் அதைத் தூக்கிப் பார்த்தார்.

“மீனா? சோத்தோங் லா இது!”

அது அப்பாவின் வார்த்தை. அப்பா கணவாயை மட்டுமா சோத்தோங் என்பார்? நான் ஒன்றும் புரியாமல் வாயைப் பிளந்து நின்றாலே, “ஏய் சோத்தோங்!” என்பார். அப்போதெல்லாம் அழுவேன். அவர் போன பிறகு அந்த வார்த்தையை யாரும் எடுத்ததில்லை.

“பிரிச்சிறாத. இப்படியே குடு,” என்றார் அண்ணன்.

“கண்ணு இன்னும் தைக்கல,” என்று வைத்துக்கொண்டேன்.

கண் தைத்தாகிவிட்டது. மடியை விட்டு இறக்க மனமில்லை. பாப்பாவுக்கு வேறொன்று பின்ன வேண்டும். அதே தப்பு மறுபடி வருமா, தெரியவில்லை.