கார் பாஸாகிவிட்டது

ஐப்பசி 9, புதன்.

என் பழைய காருக்கு, ராக்கெட்டுக்கே போதுமான கார்புரேட்டர் ஒன்றை மாட்டினேன். அன்றிலிருந்து புகைச் சோதனையில் நச்சுப்புகை அளவு வானத்தைத் தொட்டது. கல்மண்டபம் மெக்கானிக் ரஃபீக் பாய் பல நாளாக எதையெதையோ கழற்றி மாட்டினார். நான் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து, எட்டு ஊருக்குக் கேட்கும்படி யோசனை சொன்னேன். அளவு இறங்கவில்லை.

இன்று பாய் கேட்டார்: "மாமு, வண்டிய எங்கதான் ஓட்டுற?"

"வூட்டாண்டேர்ந்து இங்க. இங்கேர்ந்து வூடு."

"அட பேஜாரே! இஞ்சின் சூடே ஆவல. அதான் பெட்ரோல் எரியாம கார்பன் அடைச்சிகினு கீது. எண்ணூர் வரிக்கும் வெரட்டிகினு போய் வா."

கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சக்கரவர்த்திபோல் தனியே போய் வந்தேன். சைலன்சரில் சோதனைக் குழாயைச் செருகியதும் அளவு தொப்பென்று விழுந்தது. பாஸ்!

"அவ்ளோதான் மாமு. இனிமே ஆறு மாசத்துக்கு நீ இந்தப் பக்கமே வர வேணாம்" என்று பாய் சிரித்தார். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்தேன். ஃபேன் மட்டும் பேசுகிறது.

கார்புரேட்டர் ஸ்க்ரூவை அரைச் சுற்று திருகினால் அளவு மறுபடி ஏறிவிடும். திருப்புளியைத்தான் எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.