மிக்கேல் மேஸ்திரிக்குச் சர்க்கரை கொடுத்தேன்

இன்று காலை ஜங்லிகாட் சந்தையில் எலுமிச்சம்பழ வாசம் மூக்கில் ஏறியதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மீன்கடைக்கு முன்னால் ஒரு கிழவனை உட்காரவைத்து, உச்சந்தலையில் பழத்தைப் பிழிந்து பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தார்கள். போதை தெளிய நம் ஆட்கள் செய்கிற அதே வைத்தியம். எட்டிப் பார்த்தேன். உங்கள் மிக்கேல் மேஸ்திரிதான். சட்டையெல்லாம் வியர்வை, வாய் குழறுகிறது. டீக்கடை வங்காளி, "தாரு பீகே ஆயா ஹை", குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று சிரித்தான்.

உங்களையும் இப்படித்தானே தேய்த்தார்கள். நீங்கள் வேலை பார்த்த ஹேடோ துறையில், மெயின்லேண்டிலிருந்து தீவுக்குக் கப்பல் வந்துவிட்டால் சரக்கு இறங்கி முடியும்வரை ஒருவருக்கும் சோறு கிடையாது. நீங்களோ விடிந்ததும் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு போகிற மனிதர். சாப்பாட்டு நேரம் தாண்டினால் கை நடுங்கும், கால் தள்ளாடும், பேச்சு எங்கேயோ போகும். மயக்கம் வந்தால் வாயில் போடக் கம்பவுண்டர் சொன்னாரென்று சட்டைப்பையில் வெல்லக்கட்டி வைத்து அனுப்பினேன். சர்க்கரை வியாதிக்காரனுக்கு இனிப்பு ஒரு கேடா என்று அதைப் பிடுங்கிக் கடலில் எறிந்தவன் இந்த மேஸ்திரி. நீங்கள் ஊரிலிருந்து கூட்டிவந்து வேலை வாங்கிக் கொடுத்த ஆள். அவன்தான் குடிகாரன் என்று ஆபீஸில் சொல்லி உங்களைச் சரக்குத் தூக்கும் வின்ச்சிலிருந்து இறக்கி, தன் மச்சானை ஏற்றினான்.

அது கிடக்கட்டும். வேலை போனால் என்ன, மீன் விற்றுப் பிழைத்தோம். எனக்குப் பொறுக்காதது வேறு. தெளிந்து எழும்போது நடந்தது ஒன்றும் உங்களுக்கு நினைவிருக்காது. ஊரே சொல்கிறதே, குடித்துத்தான் இருப்போம் என்று நீங்களே நம்பிவிட்டீர்கள். ஒரு சொட்டுத் தொடாத மனிதர், சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தீர்கள்.

அடிக்கடி இப்படிச் சர்க்கரை இறங்கினால் ஞாபகமும் அடிபடலாம் என்று டாக்டர் பிறகு சொன்னார். அடிபட்டது. லம்பா லைனுக்குக் கிளம்பிப் போய், வழி தெரியாமல் யார் வாசலிலோ உட்கார்ந்திருப்பீர்கள். நம் கடைக்குட்டியின் பெயர் வாயில் வராது. அது குடியில்லை, வியாதி என்று தினமும் சொல்வேன், தலையாட்டுவீர்கள். சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, இன்னைக்கும் குடிச்சிருப்பேன் போல. மன்னிச்சிரு" என்பீர்கள். நான் சொன்னது உங்கள் மனதில் தங்கவே இல்லை, அவன் சொன்னது ஒட்டிக்கொண்டது. அப்படியேதான் கண்ணை மூடினீர்கள்.

அதனால்தான் இன்று, உங்களுக்கு வந்த அதே மயக்கம் என்று தெரிந்தும், சாகட்டும் என்று கொஞ்சம் நின்று பார்த்தேன். பொய் சொல்வானேன், மனசு குளிர்ந்தது. ஆனால் அவன் செத்துப்போனால் உண்மையை யார் வாயால் கேட்பது? டீக்கடைச் சர்க்கரையை அள்ளித் தண்ணீரில் கரைத்து, மடக்கு மடக்காகக் குடிக்கவைத்தேன். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது.

"என்ன மேஸ்திரி, காலையிலேயே ஊத்திக்கிட்டீரா?" என்று சந்தையே திரும்பும்படி கேட்டேன்.

"இல்ல மதினி. சக்கரை எறங்கிட்டு. நானும் இப்போ ஊசிதான் போடுதேன்."

"அப்போ எங்க வீட்டுக்காரருக்கு?"

எழுந்து நழுவப் பார்த்தான். விடுவேனா? வாயைத் திறந்து சொன்னால்தான் விடுவேன் என்று சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"அவன் குடிக்கல" என்றான். "எனக்கு அப்பவே தெரியும்."

மீன்காரிகள் அத்தனை பேரும் கேட்டார்கள். அப்புறம் அழுதுகொண்டே என்னிடம் மன்னிப்புக் கேட்டான். என்னிடம் எதற்கு, அவரிடமே போய்க் கேளும் என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவன் இருக்கிற இருப்பைப் பார்த்தால் அங்கே உங்களிடம் வந்துசேர அதிக காலம் ஆகாது. நீங்களோ இளகின மனசுக்காரர், மறதி வேறு. பழைய கூட்டாளி என்று கட்டிப்பிடித்துக்கொள்வீர்கள். உங்களுக்கும் சேர்த்து நான்தான் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கிறேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அழுதால் அழட்டும், மன்னிக்காதீர்கள். நீங்கள் குடிக்கவில்லை.