பனியன் துணியில் தொங்கிய ஆப்பிள்கள்

மே 4, காலை ஆறு பத்து. மரத்தடியில் விழுந்து கிடந்தவை பதினொன்று. மரத்தில் மிச்சம் ஏழு.

அக்கா, ஒன்றை எடுத்து மோந்து பார்த்தேன். பாதிதான் பழுத்திருந்தது. அந்தப் புளிப்பு வாசத்துக்கே உன் நினைப்பு வந்துவிட்டது. அன்னூர் வெயிலில் ஆப்பிள் வராது என்று ஊரே சொன்னபோது, நர்சரியில் கன்று வாங்கிக் கிணற்றோரம் நட்டவள் நீ. "ஒரே ஒரு பழம். மரத்துலயே பழுத்து, நானே பறிச்சுத் திங்கோணும்" என்றாய்.

முதல் காய்ப்பில், நீ வேலை பார்த்த பனியன் கம்பெனியிலிருந்து கட்டிங் வேஸ்ட் துணித் துண்டுகள் கொண்டுவந்து, ஒவ்வொரு பிஞ்சையும் தொட்டில் போலக் கிளையோடு கட்டினாய். எனக்கு எரிச்சல். "கட்டுனா நிக்குமாக்கா? காம்பு உட்டுதுன்னா உட்டதுதான். நான் அக்ரி படிச்சவன்."

"படிச்சவுங்க வாராங்க, வழி உடுங்கோ!" என்று கிளையைப் பார்த்துச் சொன்னாய். அப்புறம் என்னிடம், "உட்டாலும் மண்ணுல உழுகாதில்ல கண்ணு."

மறுநாள் நீ ஷிப்டுக்குப் போனதும் ஹார்மோன் மருந்து அடித்தேன். உதிர்வைத் தடுக்கும் மருந்துதான். ஆனால் பழம் முதிரும்போது அடிக்க வேண்டியது. நெல்லிக்காய் அளவுப் பிஞ்சில் அடித்தால் அதுவே உதிர்த்துவிடும். படித்திருந்தேன், காத்திருக்கத்தான் பொறுமையில்லை. பத்து நாளில் அத்தனையும் காம்பை விட்டன. மண்ணில் ஒன்றுகூட விழவில்லை. எல்லாம் உன் தொட்டில்களில் சுருங்கிக் கிடந்தன.

"வெயிலு கண்ணு. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

நானும் ஆமாம் என்றேன். அடுத்த பூ எடுப்பதற்குள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. அந்தப் பிஞ்சுகளை உதிர்த்தது வெயில் இல்லை அக்கா. நான்தான்.

இந்த வருடம் மருந்தைத் தொடவில்லை. பிஞ்சிலேயே கொத்துக்கு ஒன்றை மட்டும் விட்டு மீதியைக் கிள்ளிவிட்டேன். இருந்தும், கோவையில் வேலை என்று மரத்தை நாலு நாள் காயவிட்டு, வந்த வேகத்தில் தண்ணீரை முழுசாகத் திறந்துவிட்டேன். அதில் உதிர்ந்தவைதான் இந்தப் பதினொன்று.

இனிச் செய்யப்போவது:

1. தினமும் காலையில் அளவாகத் தண்ணீர். நானே நின்று.
2. ஈரம் காயாமலிருக்க வேரடியில் காய்ந்த தென்னோலை மூடாக்கு.
3. பீரோவில் உன் பனியன் துண்டுகள் இருக்கின்றன. ஏழு பழத்துக்கும் தொட்டில்.
4. பழுத்தாலும் கைவைக்க மாட்டேன். பறிக்க வேண்டியவள் நீ. தானாகக் காம்பை விட்டு உன் துணியில் விழும்வரை காத்திருப்பேன்.