மீன் தின்னாத பயில்வான்

ரங்கூன்
1927 ஜூன் 12

சௌபாக்கியவதி முத்தம்மாவுக்கு எத்திராஜ் ஆசீர்வாதம்.

நான் இங்கே சுகம். நீயும் குமாரவேலும் சின்னவள் பூவம்மாவும் அப்படியே இருக்க சாமி துணை இருக்கட்டும். மழை பிடித்துக்கொண்டது. அரிசி மூட்டை நனைந்தால் மேஸ்திரி எங்களைப் பார்த்துத்தான் நாய் மாதிரி குரைக்கிறான்.

இந்தக் கடிதம் குமாரவேலுக்காக. அவனுக்குப் பதினைந்து நடக்கிறது. இனிமேல் உடம்பை ஏற்ற வேண்டிய வயசு. எங்கள் மில் வாசலில் ஒரு பஞ்சாப் பயில்வான் காவல் இருக்கிறார். ஒவ்வொரு தொடையும் நம் வீட்டு உரல் மாதிரி இருக்கும். அவரிடம் கேட்டு எழுதுகிறேன். விடியுமுன் எழுந்து தண்டால் நூறு, பஸ்கி இருநூறு எடுக்க வேண்டும். ஒரு நாளும் விடக் கூடாது. மீன், கருவாடு, புளி, மிளகாய் எதுவும் வாயில் படக் கூடாது. பால், நெய், ஊறவைத்த பாதாம் பருப்பு, இவைதான் பயில்வானுக்கு ஆகாரம்.

எதற்காக இவ்வளவு என்று நீ கேட்பாய். காணும் பொங்கல் குஸ்தியில் கோதண்டம் என்னைப் புரட்டிப் போட்டதைக் குப்பமே பார்த்தது. மூன்று வருஷமாக அந்த மண் என் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வருகிற காணும் பொங்கலுக்கு அவன் மகன் பரசுராமனோடு நம் பிள்ளை கோதாவில் இறங்க வேண்டும். அதைப் பார்க்க நான் கப்பல் ஏறி வருவேன். இதை அவனுக்கு நன்றாகப் படித்துக் காட்டு.

எத்திராஜ்


இராயபுரம்
1927 ஜூலை 3

என் கணவர் அவர்களுக்கு முத்தம்மா நமஸ்காரம்.

எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை.

உங்கள் கடிதத்தைப் பிள்ளைக்குப் படித்துக் காட்டிய என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் சோற்றுப்பசை தடவி ஒட்டிவிட்டான். அன்றிலிருந்து மீனைத் தொடுவதில்லை. கடலில் பிழைக்கிற வீட்டில் மீன் தின்னாத பிள்ளையை எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா? என் தம்பியோடு கட்டுமரத்தில் போகிறான், வலை இழுக்கிறான், பங்கு மீனைத் தலையில் சுமந்து வருகிறான். அதையே குழம்பு வைத்துப் போட்டால் தட்டைத் தள்ளிவிடுகிறான். "நைனா வேணாம்னு எழுதிக்கீறாரு" என்கிறான்.

சரி, பால் எங்கே? நெய் எங்கே? பாதாம் பருப்பை நான் நாட்டுமருந்துக் கடைச் சீசாவில் பார்த்ததோடு சரி. இந்த வீட்டில் வாங்காமல் வருகிற ஆகாரம் மீன் ஒன்றுதான். அதையும் நீங்கள் அங்கிருந்தபடியே பிடுங்கிக்கொண்டீர்கள். பிள்ளை பழைய சோற்றை உப்புப் போட்டுக் குடித்துவிட்டு நூறு தண்டால் எடுக்கிறான். எழுந்து நிற்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறான்.

நீங்கள் அங்கே என்ன தின்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா? உங்களோடு மில்லில் வேலை செய்கிற உச்சிமாகாளி போன வருஷம் வந்தபோது சொன்னார். பர்மாக்காரர்களின் ஙாப்பி இல்லாமல் உங்களுக்குச் சோறு இறங்காதாம். புளித்துப்போன மீனை அரைத்து நீங்கள் தின்னலாம், துடிக்கிற நெத்திலியை என் பிள்ளை தின்னக் கூடாதோ? ஊருக்குத்தான் உபதேசம்!

கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். உங்களுக்கு ரங்கூன் போயும் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். உங்கள் முதுகைத் துடைக்க என் பிள்ளைதானா துணி?

மீன் தின்னு என்று அவனுக்கு ஒரு வரி எழுதுங்கள். நான் சொன்னால் கேட்க மாட்டான். நீங்கள் சொன்னால் கேட்பான். உங்கள் மேல் அவனுக்கு அப்படி ஒரு கிறுக்கு.

முத்தம்மா


ரங்கூன்
1927 ஜூலை 29

முத்தம்மாவுக்கு.

புருஷனுக்கு எழுதுகிற பாஷையா அது? பாதிரியார் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரைக்கும் உன்னைப் படிக்க வைத்தது இதற்குத்தானா?

பயில்வானிடம் கேட்டேன். உடம்பு முதலில் இளைக்கத்தான் செய்யுமாம். கெட்ட நீரெல்லாம் வடிந்த பிறகுதான் ஏறுமாம். தலை சுற்றுவது நல்ல அடையாளமாம். தண்டாலை நூற்றைம்பது ஆக்கச் சொல். நீ குழம்பு வாசனையைக் காட்டி அவன் விரதத்தைக் கெடுக்காதே.

நான் மீன் தின்கிறேன் என்று குத்திக் காட்டுகிறாய். தின்கிறேன். நான் மூட்டை தூக்குகிறவன், எதையாவது தின்றுவிட்டுப் படுப்பேன். அவன் என்னைப் போல ஆகக் கூடாது என்றுதானே இவ்வளவு எழுதுகிறேன்? அது உனக்குப் புரியாது.

வலைக்கயிற்றால் அவன் மார்பை அளந்து, அந்தக் கயிற்றை அனுப்பு. பயில்வானிடம் காட்ட வேண்டும்.

எத்திராஜ்


இராயபுரம்
1927 அக்டோபர் 18

பிள்ளையின் தகப்பனாருக்கு.

கயிறு கேட்டீர்கள், இதோடு வைத்திருக்கிறேன். அதில் இரண்டு முடிச்சு இருக்கும். வெளி முடிச்சு ஆடியில் அளந்தது. உள் முடிச்சு நேற்று அளந்தது. உங்கள் பயில்வானிடம் காட்டுங்கள். இதுவும் நல்ல அடையாளமா என்று கேளுங்கள்.

போன புதன்கிழமை வாடைக்காற்று திரும்பிவிட்டது. கரைக்கு வரும்போது அலை தூக்கிப் போட்டதில் என் தம்பியின் கட்டுமரம் புரண்டது. அது புதிதில்லை. விழுந்தவர்கள் எழுந்து மரத்தைப் பிடித்துக்கொள்வார்கள். குமாரவேல் பிடிக்கவில்லை. நடக்கக் கற்றதும் நீந்தக் கற்ற பிள்ளை, கையைத் தூக்க முடியாமல் தண்ணீர் குடித்துக்கொண்டு போனான். தம்பி கத்திய கத்தலில் பின்னால் வந்த மரத்திலிருந்து ஒருவர் குதித்துத் தலைமுடியைப் பிடித்து இழுத்தார்.

யார் என்று நினைக்கிறீர்கள்? கோதண்டம்.

தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கே வந்தார். என்னைப் பார்த்ததும் சண்டைக்கு வந்துவிட்டார். "இன்னா அண்ணி, புள்ளைக்கு சோறு போடறியா, பட்டினி போடறியா? தூக்கினா வெறும் எலும்பு குத்துது!" என்றார். எனக்கு வந்த அவமானத்தில் சுவரில் ஒட்டியிருந்த உங்கள் கடிதத்தைக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் படித்தேன். முதுகில் மண் என்ற இடம் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டார். சிரிக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு அடுப்பில் இருந்த மீன் சட்டியை அவரே இறக்கி, பிள்ளைக்கு ஊட்டப் போனார். பிள்ளை வாயை மூடிக்கொண்டான். "டேய், உன் நைனாவை சாய்ச்ச அன்னிக்கு நான் இன்னா துன்னுட்டு வந்தேன் தெரியுமா? சுறாப்புட்டு! வவுறு முட்ட! மீன் துன்னா பலம் பூடும்னா, கடல்ல மரம் தள்றவன் எல்லாம் எப்பவோ செத்துகீணும்டா" என்றார். குமாரவேல் அழுதுகொண்டே தின்றான். அழுகை நின்ற பிறகும் தின்றான். சட்டி காலியாயிற்று. பூவம்மாவுக்குக் கூட மிஞ்சவில்லை.

உங்களிடம் ஒரு வரிதானே கேட்டேன்? நூற்றைம்பது என்று எழுத உங்களுக்கு மை இருந்தது. "சாப்பிடு" என்று எழுத இல்லை. பிள்ளை போயிருந்தால் யார் முகத்தில் விழித்திருப்பீர்கள்?

முத்தம்மா


ரங்கூன்
1927 நவம்பர் 9

முத்தம்மா,

என் பிள்ளைக்கு அவன் கையால் ஊட்டிவிட்டானா? நீ பார்த்துக்கொண்டு நின்றாயா? என் கடிதத்தையும் அவனுக்குப் படித்துக் காட்டினாயா? உனக்குக் கொஞ்சமாவது மானம் இருக்கிறதா?

காப்பாற்றினான், சரி. அதற்காக அவன் வீட்டு வாசலை என் பிள்ளை மிதிக்கக் கூடாது. பொங்கலுக்கு முந்தின வாரம் வருகிற கப்பலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். காணும் பொங்கலன்று குமாரவேல் பரசுராமனோடு இறங்கியே ஆக வேண்டும். உன்னால் அவனைத் தயார் செய்ய முடியாது என்றால் சொல்லிவிடு, திரும்பும் கப்பலில் என்னோடு அழைத்துக்கொண்டு வந்துவிடுகிறேன். மேஸ்திரியிடம் பேசியாகிவிட்டது. இரண்டு வருஷம் மூட்டை தூக்கினால் உடம்பு தானே வரும்.

இது என் முடிவு. இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

எத்திராஜ்


இராயபுரம்
1927 டிசம்பர் 4

பிள்ளையின் தகப்பனாருக்கு.

உங்களுக்கு எழுத ஒன்றுமில்லை. எனக்கு இருக்கிறது.

கோதண்டம் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்றீர்கள். மிதிக்கவில்லை. தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், கற்கண்டு, புது லங்கோடு எல்லாம் வைத்துக்கொண்டு நேராக, குஸ்தி சொல்லிக் கொடுக்கிற பஷீர் வஸ்தாதின் கோதாவுக்கே போனேன். பெண்பிள்ளை உள்ளே போகக் கூடாதல்லவா, வேலிக்கு வெளியே நின்றேன். பட்டம்மாளும் துணைக்கு வந்தாள். கோதண்டத்தின் பெண்சாதிதான். அதற்கும் கோபப்பட்டுக்கொள்ளுங்கள்.

வஸ்தாது பிள்ளையின் தோளை அமுக்கிப் பார்த்தார். என்ன சாப்பிடுகிறாய், எவ்வளவு தூங்குகிறாய் என்றுதான் முதலில் கேட்டார். நூற்றைம்பது தண்டால் என்று இவன் பெருமையாகச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். "பேட்டா, அது பத்து வருசம் எடுத்தவன் கணக்கு. நீ இருவது எடு. ஒளுங்கா எடு. ஒரு நாளு எடுத்தா மறுநாளு சும்மா கெட. ஒடம்பு தண்டால் எடுக்கறப்ப வளராது, துன்னுட்டுத் தூங்கறப்பதான் வளரும்" என்றார். கர்லாக்கட்டையை ஒளித்து வைத்துவிட்டார். வளர்கிற எலும்பில் பாரம் ஏற்றக் கூடாதாம். பால் இல்லை என்றேன். "மீன் கீதே, கேவுரு கீதே, வேர்க்கடலை கீதே, இன்னா கொறச்சல்?" என்றார். இப்போது காலையில் கேழ்வரகுக் கூழ், மத்தியானம் மீனும் சோறும், சாயந்திரம் ஒரு பிடி வேர்க்கடலை. முருங்கைக்கீரைதான் இன்னும் முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்கிறான். சுவரைப் பிடிப்பது நின்றுவிட்டது.

இன்னொன்று. வஸ்தாது தட்டை வாங்கிக்கொண்டு, தன் கையால் அவனுக்கு லங்கோடு கொடுத்துவிட்டார். பரசுராமன் பஷீர் வஸ்தாதின் சிஷ்யப்பிள்ளை என்பது உங்களுக்குத் தெரியும். ஒரே வஸ்தாதிடம் லங்கோடு வாங்கிய இரண்டு பேர் ஊர் பார்க்க எதிரெதிரே இறங்கக் கூடாது என்பதும் தெரியும். இராயபுரத்தில் பிறந்தவருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. இனி எந்தப் பொங்கலுக்கும் அவர்கள் இரண்டு பேரும் மோத முடியாது. தெரியாமல் செய்யவில்லை, தெரிந்துதான் செய்தேன். அந்த இரண்டு பிள்ளைகளும் இப்போது ஒருவன் முதுகுக்கு ஒருவன் எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொள்கிறார்கள்.

மில்லுக்கும் அவன் வர மாட்டான். மூட்டை தூக்கி உடம்பு வரும் என்றால் துறைமுகத்துக் கூலிக்காரன் எல்லோரும் பயில்வானாக இருக்க வேண்டும். முப்பது வயசில் முதுகு வளைந்து இருமிக்கொண்டு போகிறவர்களை தினம் பார்க்கிறேன். நீங்கள் கப்பலில் கட்டி அவனை இழுத்தாலும் நான் இந்தப் பக்கம் பிடியை விட மாட்டேன்.

நீங்கள் வாருங்கள். பிள்ளையைப் பார்க்க வாருங்கள். வீடு உங்கள் வீடுதான். கோதண்டம் தலைகுனிவதைப் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் கப்பல் ஏற வேண்டாம்.

முத்தம்மா


இராயபுரம்
1928 ஜனவரி 20

கப்பல் வந்தது. நீங்கள் வரவில்லை.

என் டிசம்பர்க் கடிதத்துக்குப் பதில் இல்லாததால் நீங்கள் வர மாட்டீர்கள் என்று நான் நினைத்தேன். பதில் எழுதாததால் கட்டாயம் கப்பலில் இருப்பார் என்று பிள்ளை நினைத்தான். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு துறைமுகக் கேட்டில் போய் நின்றான். பூவம்மாவும் வருவேன் என்று அடம்பிடித்தாள். நைனா முகம் உனக்குத் தெரியாதே, நான் முதலில் பார்த்து உனக்குக் காட்டுகிறேன் என்று அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனான்.

கடைசி ஆள் இறங்குகிற வரைக்கும் நின்றிருக்கிறார்கள். இறங்கியவர்களில் உச்சிமாகாளி இருந்தார். அவரிடம் கேட்டிருக்கிறான். பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை, உள்ளதைச் சொல்லிவிட்டார். "எத்திராஜு டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துட்டாரு தம்பி. சண்டை இல்லாத பொங்கலுக்கு நான் எதுக்குன்னுட்டாரு."

இதை ஒரு தகப்பன் சொல்வானா? அதுவும் நாலு பேர் கேட்கிற மாதிரிச் சொல்வானா? எத்தனை கடிதத்தில் எத்தனை திட்டு திட்டியிருப்பேன், அவ்வளவும் போதாது என்று இன்றைக்குத் தெரிகிறது.

காணும் பொங்கலன்று பஷீர் வஸ்தாது தன் சிஷ்யப்பிள்ளைகளை மணலில் வரிசையாக நிறுத்தி தண்டாலும் பஸ்கியும் போடச் சொன்னார். குமாரவேல் இரண்டாவது வரிசையில் இருந்தான். யாரையும் சாய்க்கவில்லை. குப்பமே பார்த்தது, கை தட்டியது. அவன் ஒவ்வொரு முறை எழுந்து நிற்கும்போதும் கூட்டத்தில் தேடினான். நான் முன்னால்தான் நின்றேன். தேடியது என்னை இல்லை.

அன்று வீட்டுக்கு வந்து என்னிடம் ஒன்று கேட்டான். உங்களுக்கு எழுதச் சொன்னான். எழுத மாட்டேன், அந்த மனுஷனிடம் கெஞ்சுகிற வேலை எனக்கு இல்லை என்றேன். நாலு நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிறான். பிடிவாதத்தில் உங்களை உரித்து வைத்திருக்கிறான். அதனால் அவன் சொன்னதை அவன் சொன்னபடியே எழுதுகிறேன்.

"நான் யாரையும் தோக்கடிக்காட்டியும் நைனா வருவாரான்னு கேளும்மா."

எனக்குப் பதில் வேண்டாம். அவனுக்கு எழுதுங்கள்.

முத்தம்மா