ஓசி மெயிலைத் தலைமுழுகினேன்

மார்ச் 3, 2025. திங்கள்

ஆபீஸ் கம்ப்யூட்டரில் எதைத் திறந்தாலும் தையல் மெஷின் விளம்பரம். ஓவர்லாக், பவர் டேபிள், வாடகைக்கு ஷெட். எங்கள் ஊர் ராயபுரத்தில் இரண்டு மெஷின் போட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கலாமா என்று நேற்று தோழி வினிதாவுக்கு ஒரு மெயில் எழுதினேன். அவ்வளவுதான். ஓசியில் மெயில் கொடுக்கும் அந்தப் பெரிய கம்பெனிக்கு மூக்கு வேர்த்துவிட்டது.

அக்கவுண்டன்ட் வேலுமணி எட்டிப் பார்த்து, "ஏனுங்க சித்ரகலா, மெஷின் கிஷின் வாங்கறீங்களா?" என்கிறார். பக்கத்தில் எங்கள் பனியன் கம்பெனி முதலாளி மகுடேஸ்வரன். அவசரமாக எல்லாவற்றையும் மூடினேன்.

மார்ச் 5, புதன்

மெயிலை மாற்றப் போகிறேன் என்றேன். "நமக்கு ஒளிக்கறதுக்கு என்னங்க இருக்குது?" என்று வேலுமணி சிரிக்கிறார். ஏடிஎம்மில் பின் நம்பரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அழுத்துகிற மனிதர்!

இவர்களைச் சொல்லி என்ன? முழு ஆபீசுக்கும் ஒரே கம்ப்யூட்டர், யார் மெயிலையும் யாரும் திறக்கலாம். என் பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. அதன்மேல் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு வேறு.

மார்ச் 9, ஞாயிறு

மாறிவிட்டேன். புது மெயில்காரர்கள் நம் மெயிலைப் படிப்பதில்லை, விளம்பரமும் கிடையாது. சந்தா கட்டினேன், கட்டினால் என்ன? பழைய கம்பெனி "நிச்சயமாகவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறது. பந்தியில் உட்காராமல் போகவிடாத சம்பந்தி மாதிரி. த்தூ.

முதல் மெயில், சரக்கு எடுக்கும் டென்மார்க் பையர் காரினுக்கு. குழந்தைகள் பனியன், முந்நூறு பீஸ். போன வருடம் மகுடேஸ்வரனிடம்தான் கேட்டார். "முந்நூறு பீஸுக்கெல்லாம் யாருங்க கட்டிங் டேபிள்ல துணி விரிக்கறது?" என்று இவர் தட்டிவிட்டார். வேண்டாமென்று விட்டதை நான் எடுத்தால் மட்டும் சும்மா இருப்பாரா? இந்த முதலாளிகள் குணம் எனக்குத் தெரியாதா! நாலு பேருக்குப் போன் போட்டால் போதும், இந்த ஊரில் ஒருவனும் எனக்குத் துணி தரமாட்டான். ஆர்டர் உறுதியாகும்வரை மூச்சு விடக்கூடாது.

மார்ச் 12, புதன்

பதில் இல்லை.

மார்ச் 14, வெள்ளி

இன்றும் இல்லை. ஸ்பேமில் விழுந்துவிட்டதோ? பழைய ஐடியிலிருந்து ஒரு வரி போடலாமா — சீ! தலைமுழுகினது முழுகினதுதான்.

மார்ச் 17, திங்கள்

நாசமாப் போச்சு.

சாயப்பட்டறைக்குப் போய்விட்டுத் திரும்பினால், வேலுமணி வாயெல்லாம் பல். "உங்க டென்மார்க் அம்மா மொதலாளிக்கே கூப்புட்டாங்க. புது மெயில் ஐடி நெசமாலுமே உங்களுதானான்னு கேட்டாங்க."

மெயில் மோசடிக்குப் பயந்து எல்லா பையர்களும் இப்படித்தான். ஐடி மாறினால் பழைய நம்பருக்குக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அந்தப் பழைய நம்பர் மகுடேஸ்வரன் மேஜைமேல் இருக்கிறது! ஒருத்தனும் படிக்கக் கூடாதுன்னு காசு கட்டி மெயில் வாங்கினா, அந்தம்மா கொண்டுபோய் முதலாளி காதுலயே போட்டுட்டா. ஐடி மாறினா போன் பண்ணிக் கேளுங்கன்னு எத்தனை பையருக்கு நானே எழுதியிருக்கேன். எனக்கு ஏன் தோணல? அறிவு கெட்டவளே!

முதலாளி அதற்குள் மில்லுக்குக் கிளம்பிப் போயிருந்தார்.

மார்ச் 18, செவ்வாய்

கூப்பிட்டார். அவர் வாயைத் திறக்கும் முன், நானே வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். மானமாவது மிஞ்சட்டும்.

"அது உங்க ஐடிதான்னு அந்தம்மாகிட்டச் சொல்லிட்டனுங்க. எங்க சாம்பிள் வேலை பூராவும் சித்ரகலாதான் பாத்தது, நம்பிக் குடுங்கன்னேன்."

அவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்க அம்மிணி."

மாசக் கடைசியில் நின்றுகொள்ளச் சொன்னார். குரல் உயரவேயில்லை.

மார்ச் 20, வியாழன்

காரின் பதில் போட்டுவிட்டார். ஆர்டர் உறுதி. துணிக்கு யாரைப் பார்க்க வேண்டுமென்று மகுடேஸ்வரனே இரண்டு பேர் சொல்லி அனுப்பியிருக்கிறார், வேலுமணி மூலமாக. நேரில் என்னிடம் பேசுவதில்லை.

வெட்கமாக இருக்கிறது. அவரைத் திட்டி நாலு வரி எழுதினால் சரியாகிவிடும் என்று உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை.